தண்டல் அட்டையும் எங்கள் வீட்டுக் கணக்கும்: 18 மாதப் பதிவு

2023 ஜனவரி 15, பொங்கல் நாள். அன்றைக்கும் மாலை ஏழு மணிக்குத் தண்டல்காரரின் வண்டி எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் வந்து நின்றது. தண்டல் என்பது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடன், கடனுக்கு ஓர் அட்டை; அதை வசூலிப்பவர் அவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாள் கிழமை பார்க்காமல் வருவதுதான் அவர் தொழில். பொங்கல் பானையைத் துலக்கிக்கொண்டிருந்த நான் கை கழுவிவிட்டு 300 ரூபாயைக் கொடுத்தேன். அவர் இரண்டு அட்டைகளிலும் அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த 300 ரூபாய், காலையில் என் நாத்தனார் மகளுக்குப் பொங்கல் பணமாகக் கொடுக்கவென்று எடுத்து வைத்தது. அன்றிரவு ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கிய கணக்குதான் இந்தப் பதிவுக்கு அடிப்படை.

முதலில் கடன்களை எழுதினேன். இரண்டு தண்டல்களில் கட்டவேண்டிய மீதி 20,000. அடகுக் கடையில் ஐந்து பவுன் நகையின் மேல் 1,20,000, நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி. மகளிர் குழுவின் வங்கிக் கடனில் மீதி 32,000. கணவரின் கிரெடிட் கார்டில் 28,000. மாமனாரின் மருத்துவச் செலவுக்காகக் கணவரின் சித்தப்பாவிடம் வாங்கிய வட்டியில்லாக் கைமாற்று 60,000. மொத்தம் 2,60,000. வருமானப் பக்கத்தில் இரண்டே வரிகள்தான்: மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணவரின் சம்பளம் 21,000, மண்ணடி இரும்புக் கடையில் பில் போடும் என் சம்பளம் 13,000. வாடகை 7,500. கடன்களுக்காக மட்டும் மாதம் 15,100 போய்க்கொண்டிருந்தது. அதில் 9,000 தண்டலுக்கு.

கழித்துப் பார்த்தால் வீட்டுச் செலவுக்கு 11,400 மிஞ்ச வேண்டும். ஆனால் நாங்களோ மாதம் 19,000 செலவழித்துக்கொண்டிருந்தோம். நடுவில் உள்ள ஏழாயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வந்தது என்று புரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவும் தண்டலிலிருந்தேதான் வந்தது. ஒரு அட்டை முடியும் முன்பே அடுத்த அட்டையைப் போட்டு, அந்தப் பணத்தில் மளிகைப் பாக்கியை அடைத்து, அந்த அட்டையைக் கட்டுவதற்காக மறுபடி ஒன்றைப் போட்டு, இப்படியே மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

தண்டலின் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் இதை வட்டி என்றே பலரும் நினைப்பதில்லை. "பிடிப்பு" என்று லேசாகச் சொல்லிவிடுவார்கள். 20,000 தண்டல் என்றால் எங்கள் கைக்கு வந்தது 17,000. நாளொன்றுக்கு 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் அந்த 17,000 முழுதாக நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. மறுநாளே திருப்பத் தொடங்கிவிடுகிறோம். சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருப்பது 9,000 அளவுக்குத்தான். அதற்கு நூறு நாளில் 3,000, அதாவது மாதம் 900 ரூபாய் வட்டி. ஆக இது மாதம் நூற்றுக்குப் பத்து, வருடத்துக்கு நூற்றிருபது. அடகுக் கடையின் இரண்டு வட்டியைப் பார்த்து மூக்கால் அழுத நாங்கள், பத்து வட்டியைத் தினமும் சிரித்த முகத்தோடு கட்டிக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டி, ஹவர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது.

இன்னொன்றும் அன்று விளங்கியது. தண்டலை முன்கூட்டியே அடைப்பதால் பைசா லாபமில்லை. வட்டியைக் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். லாபம் கிடைப்பது ஒரே ஒரு இடத்தில்தான்: அடுத்த அட்டையைப் போடாமல் இருப்பதில். ஆகவே அறுபது நாள் மீதியிருந்த பெரிய அட்டையும் எண்பது நாள் மீதியிருந்த சின்ன அட்டையும் முடியும் வரை, புதிய அட்டை போடாமல் தாக்குப்பிடிப்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தோம். என் மாமியார் மட்டும், "இன்னாம்மா, நோட்டுல எழுதிட்டா கடன் தீந்துடுமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

செலவைக் குறைப்பதற்கு முன்னால் நகையை இடம் மாற்றினோம். அடகுக் கடையில் மாதம் 2,400 வட்டி; அதே பணத்துக்கு வங்கியில் ஆண்டுக்கு ஒன்பதே கால் சதவீதம் என்றால் ஆயிரத்துக்கும் கீழே. ஆனால் மீட்டால்தானே கொண்டுபோய் வைக்க முடியும்? என் தம்பி லோடு வண்டி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை ஒரே ஒரு நாளைக்கு என்று கேட்டு வாங்கினேன். ஜனவரி கடைசியில் ஒரு வேலை நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனால், அங்கே புதிய மாதம் பிறந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்று முழு மாத வட்டி கேட்டார்கள். ரசீதைப் பார்த்துத் தேதிக்கு முன்பே போயிருக்க வேண்டும். என் கவனக்குறைவுக்கு விலை 2,400. அந்தப் பேச்சிலேயே நேரம் போய், வங்கிக்கு நாங்கள் சேர்ந்தபோது நகை மதிப்பீட்டாளர் கிளம்பிவிட்டிருந்தார். அன்றிரவு ஐந்து பவுன் நகையும் ரேஷன் அரிசி டிரம்முக்குள் படுத்திருந்தது. நானும் கணவரும் தூங்கவில்லை.

மறுநாள் மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்து, அமிலம் தொட்டுப் பார்த்து, நெக்லஸில் உள்ள கல்லுக்கும் அரக்குக்கும் சேர்த்து மூன்று கிராம் கழித்தார். அடகுக் கடையில் 40 கிராமாக இருந்தது இங்கே 37 ஆயிற்று. அப்போது கிராம் 5,200 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அன்று மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் என்பதால் 1,44,000 வரை கிடைக்கும் என்றார்கள். இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. 1,40,000 வாங்கி, மேலே உள்ள 20,000-ஐ அப்படியே கிரெடிட் கார்டில் கட்டிவிட வேண்டும் என்பது என் எண்ணம். மாதம் மூன்றரை சதவீத வட்டிக் கடனை ஆண்டுக்கு ஒன்பதே கால் சதவீதக் கடனாக மாற்றுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகை இன்னும் ஆழமாக முழுகுகிறதே என்று மாமியார் அழுதார். அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது: இப்படி "ஒன்றை அடைக்க" என்று வாங்கிய பணம் எங்கள் வீட்டில் இதற்கு முன் ஒருமுறையாவது அந்த ஒன்றை அடைத்ததில்லை. ஆகவே வங்கி வாசலிலேயே நின்று, கணவரின் செல்பேசியிலிருந்து 20,000-ஐக் கார்டுக்குக் கட்டி, வந்த குறுஞ்செய்தியை அத்தைக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் தம்பியின் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாத வட்டி மட்டும் இதனால் 2,000 ரூபாய் குறைந்தது. பதினெட்டு மாதத்தில் நாங்கள் செய்த எந்தச் சிக்கனமும் இந்த ஒன்றரை நாள் அலைச்சலுக்கு ஈடாகவில்லை.

அடுத்து வீட்டுச் செலவு. 19,000-ஐ 14,000 ஆக்க வேண்டும். மிகப் பெரிய ஓட்டை, எங்கள் நால்வரில் யாருமே செலவாக நினைக்காத டீ, பஜ்ஜி, இரவு நேர பரோட்டா, மகளுக்குப் பள்ளி விட்டதும் வாங்கும் பாக்கெட் தீனி ஆகியவைதான். ஒரு மாதம் எழுதிப் பார்த்ததில் 2,600 வந்தது. அதை 900-க்குக் கொண்டுவந்தோம். மண்ணடிக்கு ஷேர் ஆட்டோவில் போய்வர நாளொன்றுக்கு 40 ரூபாய் ஆகும். 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தெரிந்திருந்தும், பத்து நிமிடம் காத்திருக்கச் சோம்பல்பட்டு மாதம் ஆயிரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது நின்றது. கேபிளும் இரண்டாவது சிம்மும் போயின. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனசு வைத்தால் ஒரே நாளில் நடப்பவை.

நேரம் பிடித்தது மாவுதான். கிரைண்டர் பழுதாகி ஒன்றரை வருடம் பரணில் கிடந்தது. வாரம் நான்கு பாக்கெட் மாவு, பாக்கெட் 40 ரூபாய். ரேஷனில் இலவசமாக வரும் புழுங்கலரிசியைச் சோறாக்கினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் இட்லிக்கு அதைவிட நல்ல அரிசி தேட வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு அடித்தகட்டின் நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்து நகரவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்த பின் வந்தது. உள்ளே பெல்ட் இரண்டு இடங்களில் வெடித்து, காய்ந்த மாவு ஒட்டிப் பட்டையாக இறுகியிருந்தது. மோட்டாரில் கோளாறு இல்லை. பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் வண்ணாரப்பேட்டையில் ஒரு உதிரி பாகக் கடையில் காட்டி 120 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன். மோட்டாரின் சின்னச் சக்கரத்தில் முதலில் மாட்டிவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அதன் மேல் ஏற்ற வேண்டும். நேராக இழுத்து மாட்ட முயன்றால் விரல்தான் நசுங்கும், எனக்கு நசுங்கியது. வெறும் கல்லோடு ஓடியது. உளுந்தைப் போட்டதும் ரப்பர் கருகும் நாற்றத்தோடு நின்றது. பெல்ட் அரை அங்குலம் தொய்வு. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு அளவு சிறியதை மாற்றிக் கொடுத்தார். அது இன்றும் ஓடுகிறது. மாதம் 440 ரூபாய் மிச்சம்.

மின்கட்டணத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. 2022 செப்டம்பர் 10 முதல் நடப்புக்கு வந்து அப்போது இருந்த அட்டவணைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்த ஒரே யூனிட்டுக்காக 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை பறிபோனது. எங்கள் வீட்டில் ஓடியது 510, கட்டியது 2,030. நாங்கள் விளக்குகளை அணைத்து அணைத்துப் பார்த்து ஒரு வாரத்தில் இரண்டு யூனிட்கூடக் குறையவில்லை. குற்றவாளி ஃபிரிட்ஜ். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் இறுகப் பிடிக்க வேண்டும். எங்கள் கதவில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரைச் சோப்பு நீரால் துடைத்து, கொதிக்கும் நீரில் நனைத்த துணியை மடங்கிய இடங்களில் அழுத்தி வைத்து, விரலால் நீவி வெளியே இழுத்துவிட்டேன். காகிதம் பிடித்தது. ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன். அடுத்த கணக்கு 470 யூனிட், 1,545 ரூபாய். 40 யூனிட்டுக்கு 485 ரூபாய் குறைந்தது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. மண்ணடியிலிருந்து கொத்தவால்சாவடி நடக்கும் தூரம்தானே என்று பருப்பும் எண்ணெய் டின்னும் மொத்த விலையில் வாங்கினேன். துவரம்பருப்பில் மூன்றாம் வாரம் வண்டு வந்தது. மாடியில் காயவைத்து, மிளகாய் வற்றல் போட்டு ஒருவழியாகத் தீர்த்தோம். எண்ணெயோ விலை குறைந்ததே தவிர, செலவு குறையவில்லை. டின் நிறைய இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. மாதம் நான்கு லிட்டர் ஆன வீட்டில் ஐந்தரை ஆயிற்று. மறுபடி ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கே திரும்பி, ஒவ்வொன்றின் மேலும் பிரித்த தேதியை எழுதி வைத்தேன். ரேஷன் பாமாயில் 25 ரூபாய்தான், பொரிப்பதற்கு அதுவே போதும். அத்தை மட்டும் தாளிப்பதற்கு அதைத் தொடமாட்டேன் என்று இன்றுவரை உறுதியாக இருக்கிறார்.

கேன் தண்ணீரை நிறுத்தியதும் அரைகுறை வெற்றிதான். மாதம் 12 கேன், 420 ரூபாய். மெட்ரோ தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினோம். நாற்பது நாள் வந்துகொண்டிருந்த சிலிண்டர் முப்பத்திரண்டாம் நாளே தீர்ந்தபோதுதான், 1,118 ரூபாய் 50 காசு விற்ற அந்த நாளில் கேனில் மிச்சப்படுத்தியதில் பாதியை அடுப்பில் எரித்திருக்கிறோம் என்று தெரிந்தது. அதன்பின் மூடி போட்டு, தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடத்தில் அணைத்துவிடுவது என்று வைத்தோம். சிலிண்டர் முப்பத்தைந்து நாள் வருகிறது. முன்பு பத்து நிமிடம் கொதிக்கவிட்டதெல்லாம் வீண்.

மீன் விஷயத்தில் நான் தலையிடவில்லை. அது அத்தையின் ராஜ்யம். ஞாயிறு வஞ்சிரத்தை நிறுத்திவிட்டு, விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய், ஏலம் முடிந்து கூறு கட்டும் நேரத்தில் நெத்திலியும் கவலை மீனும் வாங்கி வருவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விலை ஏறும் என்பதால் மார்ச்சிலேயே கருவாடு சேர்த்து வைத்தார். நோட்டைக் கேலி செய்த அவர் திட்டம் போட்டது இப்படி.

வீட்டுச் செலவு முதல் மாதம் 16,300, இரண்டாம் மாதம் 15,100, மூன்றாம் மாதம் 14,200. அதாவது குறித்த 14,000-ஐ ஒரு மாதம்கூடத் தொடவில்லை. பிப்ரவரியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா மொய்யும் அத்தையின் மாத்திரையும் ஒன்றாக வந்து, புதிய அட்டை போட்டுவிடலாமா என்று கணவர் கேட்ட இரவு ஒன்று உண்டு. ஓடாத வாஷிங் மெஷினையும் இரும்புக் கட்டிலையும் காயலான் கடையில் போட்டு 2,100 ரூபாயும், தம்பியிடம் 4,000 கைமாற்றும் வாங்கித் தப்பித்தோம். மார்ச் நடுவில் பெரிய அட்டை முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் சின்னது. கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்ட தண்டல்காரர், "அக்கா, புதுசா ஒண்ணு போட்டுடட்டா?" என்று வழக்கம்போல் கேட்டார். "வேணாம்ணா" என்றேன். அவர் நம்பவில்லை; அடுத்த வாரமும் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தண்டல் முடிந்த முதல் பத்து நாளில், தினமும் மிஞ்ச வேண்டிய பணம் மிஞ்சவே இல்லை. யாரும் பெரிதாக எதையும் வாங்கவில்லை. பர்ஸில் இருந்தது, போய்விட்டது, அவ்வளவுதான். மூன்று வருடம் ஒருநாள் தவறாமல் பணம் கட்டிய வீட்டில், கேட்க ஆள் இல்லாததால் பத்து ரூபாய் சேரவில்லை. ஆகவே கேட்க ஒரு ஆளை வைத்தோம். நூறு கட்டம் போட்ட அட்டை ஒன்றை என் மகள் ஸ்கேல் வைத்து வரைந்தாள். தண்டல்காரர் அத்தை. மாலை ஏழு மணிக்கு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 200 ரூபாய் கேட்பார். வாங்கித் தகர டப்பாவில் போட்டுக் கட்டத்தில் கைநாட்டு மாதிரி ஒரு சுழி போடுவார். கணவர் பணம் இல்லை என்று சொன்ன ஒரு நாள், "நாளைக்கு நானூறு" என்று மட்டும் சொன்னார். திங்கள்தோறும் டப்பாவில் உள்ளதை நகைக் கடன் கணக்கில் கட்டினேன். பிடிப்பு இல்லாத தண்டல். கட்டியது முழுவதும் அசலில் கழிந்தது.

ஜூலையில் கார்டு முடிந்தது. அதற்குக் கட்டிவந்த 1,400-ஐச் சித்தப்பாவுக்குத் திருப்பினோம். நவம்பர் வரை நகைக் கடனில் 48,000 குறைந்திருந்தது. டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கீழ்த்தளத்துக்குள் முழங்கால் தண்ணீர். கிரைண்டரைப் பரணில் ஏற்றிவிட்டோம். ஃபிரிட்ஜ் நனைந்து, சரிசெய்ய 4,200 ஆயிற்று. யார்டில் கணவருக்கு ஒரு வாரம் வேலை இல்லை. ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தில் ஒருவழியாகச் சமாளித்தோம். டிசம்பரிலும் ஜனவரியிலும் அட்டையில் ஒரு சுழியும் இல்லை. ஆனால் புதிய கடனும் இல்லை.

ஜனவரியில் நகைக் கடனைப் புதுப்பிக்கும்போது ஒன்று செய்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மீதி 92,000-ஐ ஒரே கடனாக வைக்காமல், நெக்லஸுக்கு 60,000, இரண்டு வளையல்களுக்கு 32,000 என்று இரு தனிக் கடன்களாகப் பிரித்தேன். ஒரே கடனாக இருந்தால் கடைசி ரூபாய் கட்டும் வரை எந்த நகையும் வீடு திரும்பாது. பிப்ரவரி முதல் அத்தையின் டப்பா முழுவதும் வளையல் கணக்குக்கே போயிற்று. ஏப்ரலில் குழுக் கடன் முடிந்ததும் அதிலிருந்து 2,000 சேர்த்தோம்.

2024 ஜூனில் வளையல்களை மீட்டு வந்தேன். வங்கி உறையைப் பிரித்துத் தராசில் வைத்துக் காட்டிக் கொடுத்தார்கள். பாக்கி நெக்லஸ் 60,000, சித்தப்பாவுக்கு 45,000. அத்தை வளையல்களைக் கையில் வாங்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, என் மகள் கையில் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.